கேமரா போதும்தானே என்று கேட்டாயே

ஸ்ரீரங்கம்
ஞாயிறு ராத்திரி

அடி குண்டூசி,

நலம், நலமறிய ஆவல், இத்யாதி. ஆடியில் நீ போட்ட கடிதத்துக்குக் கார்த்திகையில் பதில் எழுதுகிறவளைத் திட்ட உனக்கு எல்லா உரிமையும் உண்டு, ஒரு பாராவுக்குள் திட்டி முடித்துவிடு. பெரியவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. இவருக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. அண்டா டீச்சர் பேத்தி கல்யாணத்துக்கு நான் மட்டும் போனேன், நீ வரவில்லையா என்று மூன்று பேர் விசாரித்தார்கள், மூன்று பேருமே உனக்குக் கடன் கொடுத்தவர்கள். ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

நீ கேட்டிருந்தது சின்ன விஷயம். கும்பகோணத்தில் உன் அப்பாவை, நம் கணக்கு சாரைப் பார்த்துக்கொள்ள ஆள் போட வேண்டும், நல்ல ஏஜென்சியாகச் சொல்லு, கூடத்தில் ஒரு கேமரா மாட்டிவிட்டு புனேயிலிருந்து நான் பார்த்துக்கொள்வேன், போதும்தானே என்று. அன்றைக்கே பதில் போட்டிருந்தால் "ஓ, தாராளமாகப் போதும், என் வீட்டிலும் அப்படித்தான்" என்று பெருமையாக எழுதியிருப்பேன். நல்லவேளை, எழுதவில்லை. ஆவணியில் ஒன்று நடந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் இத்தனை நாள் பேனாவை எடுக்கவில்லை.

அதற்கு முன்னால் உனக்கு ஒரு பழைய கணக்கு. 2016-ல் எங்கள் அப்பா படுத்தபோது யார் பார்த்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? பெரியாஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆயாம்மா. ஏஜென்சியும் கிடையாது, ஒப்பந்தமும் கிடையாது. காலையில் வருவாள், அப்பாவை அதட்டி உருட்டிக் குளிப்பாட்டுவாள், காபி குடித்துவிட்டுத் தெருவில் இருக்கிற எல்லார் கதையையும் சொல்லிவிட்டுப் போவாள். நினைத்தால் லீவு. அவளைத் தெய்வம் மாதிரி பேசுகிறோமே தவிர, சிறுநீர்ப் பையைத் தூக்கிக் கட்டில் மேலேயே வைத்துவிடுவாள், அது இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும் என்று அவளுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, இரண்டு தடவை அப்பாவுக்குத் தொற்று வந்து ஜுரத்தில் பிதற்றியது அதனால்தான் என்பது இப்போதுதான் புரிகிறது. அதனால் அந்தக் காலமே காலம் என்று நான் பாடப் போவதில்லை.

2020-ல் ஊரடங்கு வந்ததும் ஆயாம்மா வர முடியாமல் போனது. இரண்டாவது அலையில் அவளே போய்விட்டாள். போய்ப் பார்க்கக்கூட முடியவில்லை, டீ.

அந்த 2021 மே மாதத்தை நீ புனேயில் வேறு மாதிரி அனுபவித்திருப்பாய். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் என்று சொன்ன வாரத்தில்தான் இவர் மாடி அறையில் கிடந்தார். எங்கும் படுக்கை இல்லை. வாடகைக்கு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், வீடியோவில் ஒரு டாக்டர், விரலில் மாட்டுகிற அந்தச் சின்னக் கருவி. ரத்தத்தில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே இறங்கினால் கூப்பிடுங்கள் என்றார் டாக்டர், ராத்திரி முழுக்க நான் அந்த எண்ணைத்தான் முழித்து முழித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனிலும் வீடியோவிலும் வைத்தியம் பார்க்க முறையான வழிகாட்டு நெறிகளே ஊரடங்கின் முதல் நாள், 2020 மார்ச் 25-ல்தான் வந்தன என்று பெரியவன் சொன்னான். அதுவரை டாக்டர்களே தயங்கிக்கொண்டு இருந்தார்களாம். வீட்டையே வார்டாக்கலாம் என்று அந்த ஒரு மாதத்தில் நமக்கும் தெரிந்துபோயிற்று, வியாபாரிகளுக்கும் தெரிந்துபோயிற்று. இப்போது பார், காலை ஆறரைக்கு ரத்தம் எடுக்கப் பையன் வாசலில் நிற்கிறான், கட்டில் வாடகைக்கு, காற்று மெத்தை வாடகைக்கு, இ.சி.ஜி. வீட்டுக்கே, ஃபிசியோ மணிக்கணக்கில், ஆள் 12 மணி நேரம் என்றால் ஒரு ரேட், தங்கிப் பார்த்தால் ஒரு ரேட். அந்த விரல் கருவி எங்கள் பூஜை அலமாரியில் விபூதி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அங்கே யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை, எடுக்கவும் மனசு வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததும் ஏஜென்சியில் பணம் கட்டினேன். முதலில் வந்த மூவரைப் பற்றி நேரில் சொல்கிறேன், சிரித்தே சாவாய். நாலாவதாக வந்தவள்தான் பாப்பா. அம்மா தன் செத்துப்போன தங்கை என்று நினைத்து அப்படிக் கூப்பிட, எல்லாருக்கும் அவள் பாப்பா ஆகிவிட்டாள், வயசு நாற்பத்து நாலு. பெரம்பலூர் பக்கம் ஒரு கிராமம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தவள், ஊரடங்கில் கம்பெனி மூடியதும் ஊர் திரும்பி, பிறகு ஏஜென்சியில் பயிற்சி எடுத்து இந்த வேலைக்கு வந்தாள். நாற்பது பக்க நோட்டில் அவள் எழுதுவதைப் பார்க்க வேண்டும். "6.10 டயப்பர். 7.00 பிரஷர் 140/80. 7.30 கஞ்சி முக்கால் டம்ளர், இருமல் இல்லை. 8.00 இடது. 10.00 நேர். 12.00 வலது." ஸ்டெப் போடாத கணக்குக்கு மார்க் கிடையாது என்பாரே உன் அப்பா, அவர் பார்த்தால் நூற்றுக்கு நூறு போடுவார். நான் மாதம் 24,000 கட்டுகிறேன், அவள் கைக்குப் போவது 15,000. இந்த வித்தியாசத்தை நான் ஆறு மாதம் கேட்கவே இல்லை.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை அவளுக்கு ஊரிலிருந்து போன். அவள் அம்மா, தனியாக இருக்கிற கிழவி, பின்கட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்திருக்கிறாள். எவ்வளவு நேரம் கிடந்தாளோ. கண்டுபிடித்தது யார் தெரியுமா? மாத்திரை கொடுக்க வந்த தன்னார்வலர் அம்மா. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்களே, மக்களைத் தேடி மருத்துவம், அந்தத் திட்டத்தில் சுய உதவிக் குழுவிலிருந்து எடுத்த பெண்கள் வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். தோளில் பையை மாட்டிக்கொண்டு வந்து என்னத்தைக் கிழித்துவிடப் போகிறார்கள் என்று நான்தான் உன்னிடம் நக்கல் அடித்தேன். 2024-ல் அதற்கு ஐ.நா. விருது கொடுத்தபோதும் என் நக்கல் குறையவில்லை. அந்த அம்மாவுக்குச் சம்பளம்கூடக் கிடையாது, ஊக்கத்தொகைதான். முன்வாசலில் குரல் கொடுத்துப் பார்த்து, பதில் இல்லை என்று சுற்றிக்கொண்டு பின்பக்கம் போயிருக்கிறாள். 108-க்கு அடித்து, ஆம்புலன்ஸில் தானும் ஏறிப் பெரம்பலூர் ஆஸ்பத்திரி வரை போயிருக்கிறாள்.

இனி நான் செய்தது. பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைக் கட்டுகிறாள், எனக்கோ மறுநாள் கிளையில் ஆடிட். "ரெண்டு நாள் மட்டும் இருந்துட்டுப் போ பாப்பா, சனிக்கிழமை நானே பஸ் ஏத்திவிடறேன், ஆயிரம் சேத்துத் தரேன்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கட்டின பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அம்மாவுக்குக் கஞ்சி கரைக்கப் போனாள். இருந்தாள், டீ. இரண்டு நாளும் நோட்டில் ஒரு வரி விடாமல் எழுதினாள். அவள் அம்மா அங்கே ஆபரேஷனுக்குக் காத்துக்கொண்டு பக்கத்துக் கட்டில்காரி கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அந்த ஆயிரத்தை நான் கொடுத்தேன், அவளும் வாங்கிக்கொண்டாள். அதுதான் ராத்திரியில் எனக்கு ஞாபகம் வருகிறது.

ஏஜென்சிக்காரர்கள் சொன்னபடி 24 மணி நேரத்தில் மாற்று ஆள் அனுப்பினார்கள், குறை சொல்ல முடியாது. பத்தொன்பது வயசுப் பெண். ஆடிட் தள்ளிப்போய் அடுத்த வாரமும் இழுத்ததால் நான் ஆபீசிலிருந்து கேமராவைப் பார்த்தபடியே இருந்தேன். மணிக்கு ஒரு தடவை பார்த்தேன். அந்தப் பெண் நாற்காலியில் இருந்தாள், அம்மா தூங்கினாள், மின்விசிறி சுற்றியது. எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. ஐந்தாம் நாள் ராத்திரி நான் டயப்பர் மாற்றும்போது வால் எலும்புக்கு மேலே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினேன், வெளுக்கவில்லை. அழுத்தி வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது என்று பாப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஐந்து நாளாக நான் போனில் பார்த்துக்கொண்டிருந்தது, முதுகுக்கு அடியில் இது வளர்ந்ததைத்தான். அந்தப் பெண்ணைத் திட்ட வாயெடுத்தேன். "புரட்டணும்னு யாரும் சொல்லலை மேடம்" என்றாள். உண்மைதான், நான் நோட்டைக்கூட எடுத்துக் காட்டவில்லை.

கேமரா பற்றி இன்னொன்றும் சொல்கிறேன். என் தம்பி, எங்கள் துபாய்த் துரைக்கும் பாஸ்வேர்டு கொடுத்திருந்தேன். ஒரு நாள் ஆபீசில் உட்கார்ந்து திறந்திருக்கிறான், அங்கே அம்மாவுக்குத் துணி விலக்கி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். பயந்துபோய் மூடிவிட்டானாம். மறுநாளிலிருந்து அந்த நேரத்தில் பாப்பா தன் துண்டை கேமரா மேல் போட ஆரம்பித்தாள், இவன் எனக்குப் போன் போட்டு "எதையோ மறைக்கிறா, விசாரி" என்று குதித்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனிடம் போனை வைடா என்றேன்.

அதனால், சாருக்கு ஆள் போடு, வேண்டாம் என்று சொல்லவே இல்லை. 2011 கணக்கெடுப்பிலேயே நம் மாநிலத்தில் பத்தில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர், பிள்ளைகளெல்லாம் புனேயும் துபாயுமாக இருந்தால் வேறு என்ன வழி. ஆனால் முதல் பத்து நாள் நீ கும்பகோணத்தில் இரு. சாரின் நடுக்குவாதத்துக்கு, அதாவது பார்க்கின்சனுக்கு, மாத்திரை நேரம் தவறக்கூடாது, அரை மணி தள்ளினால் அவர் உடம்பு எப்படி ஆகிறது என்று வருகிறவளோடு சேர்ந்து நீயும் பார். குளியலறையில் கைப்பிடி போடு, கேமராவுக்கு ஆகிற பணத்தில் பாதிகூட ஆகாது. அங்கே இருக்கிற சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வை, தோள்பை அம்மா வந்தால் காபி கொடுக்கச் சொல். ஏஜென்சியிடம் முதல் கேள்வியாகவே ஆள் கைக்கு எவ்வளவு போகும், மாதம் எத்தனை நாள் லீவு என்று கேள், எனக்கு முழித்த மாதிரி உனக்கும் முழிப்பார்கள். கேமரா வைத்தே ஆக வேண்டும் என்றால் வருகிறவளிடம் சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து வை. சாரிடமும் கேட்டுவிட்டு வை, முப்பத்தைந்து வருஷம் பரீட்சை ஹாலில் நம்மைக் கண்காணித்தவர், இப்போது அவரை நீ கண்காணிக்கப் போகிறாய் என்றால் என்ன சொல்வாரோ.

பாப்பா திரும்பி வந்துவிட்டாள், இருபத்திரண்டு நாள் கழித்து. அவள் அம்மா வாக்கர் பிடித்து நாலடி நடக்கிறாளாம், திட்டத்திலேயே வாரம் ஒரு நாள் ஃபிசியோ வருகிறாராம். அம்மாவின் புண்ணைப் பார்த்துவிட்டு பாப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலை. இப்போது மாதம் நாலு நாள் ஊருக்குப் போகிறாள், ஏஜென்சி பிடிக்கிற சம்பளத்தை நான் கொடுத்துவிடுகிறேன், இதற்கு மேல் அவளிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு அவள் ஊரில் இருக்கிறாள், ராத்திரி டியூட்டி என்னுது. மணி பதினொன்று அடிக்கப் போகிறது, இடது பக்கம் திருப்ப வேண்டும், அம்மா வேறு "பாப்பா, பாப்பா" என்று ஆரம்பித்துவிட்டாள். நோட்டில் அவள் முத்து முத்தான எழுத்துக்குக் கீழே என் கோழிக் கிறுக்கல்.

பொங்கலுக்கு வருகிறாய்தானே?

உன்
வத்தல்

பி.கு.: அண்டா டீச்சருக்குத் தர வேண்டிய ஐந்நூறை நானே கொடுத்துவிட்டேன். வட்டியோடு எடுத்து வை.