கஜாவுக்குக் கம்பம் நட வந்தவர்களுக்கு நன்றி மடல்

வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்து எங்கள் ஊர்ப் பக்கம் கம்பம் நட்டு, கம்பி இழுத்துக் கொடுத்த மின்வாரிய அண்ணன் தம்பிகள் அனைவருக்கும், பேராவூரணிப் பக்கத்துத் தென்னை விவசாயி ஒருவனின் வணக்கம்.

2018 நவம்பர் 16 விடியற்காலை, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்கள்தான் அதிகம் அடிவாங்கின. சாய்ந்த மின்கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். எங்கள் பகுதி லைன்மேன்களை மட்டும் நம்பியிருந்தால் அடுத்த ஆடி வரை இருட்டில்தான் கிடந்திருப்போம். அவர்கள் வீட்டு ஓடும் பறந்துதான் போயிருந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்து முகாமில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவர்கள் அவர்கள். அந்த நேரத்தில் உங்கள் வண்டிகள் வந்து நின்றன.

சம்பா நட்ட வயலெல்லாம் சேறு. கிரேன் இறங்காது, டிராக்டரும் புதைந்துபோகும். எட்டு மீட்டர் சிமென்ட் போஸ்டைக் கயிறு கட்டி, கட்டை கொடுத்து, தோளில் தாங்கி, வழுக்கும் வரப்பில் நீங்கள் தூக்கிப்போனதை ஊரே நின்று பார்த்தது. பிறகு எங்கள் இளவட்டங்களும் தோள் கொடுத்தார்கள். விழுந்து கிடந்த தென்னையை அறுத்துத் தள்ளினால்தான் குழி தோண்டவே இடம் கிடைக்கும். கடப்பாரை இறங்கிய இடத்திலெல்லாம் தண்ணீர் ஊறியது. ஒருவர் வாளியால் இறைத்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் தோண்டினார்.

வெளியூர் ஆளுக்கு எந்த லைன் எந்த ஃபீடரிலிருந்து, அதாவது துணை மின் நிலையத்திலிருந்து கிளம்பும் எந்த முதன்மைப் பாதையிலிருந்து, வருகிறது என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு குழுவோடும் எங்கள் ஊர் ஒயர்மேன் ஒருவர் கூடவே நடந்தார். அவர் துணை மின் நிலையத்தில் லைன் கிளியர் (அந்த லைனில் மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்ற உறுதி) வாங்கி, "ஏறலாம்" என்று சொன்ன பிறகுதான் நீங்கள் கம்பத்தில் கால் வைத்தீர்கள். இன்னொரு ஆபத்தும் இருந்தது. குடிதண்ணீர் ஏற்ற ஊருக்கு ஊர் ஜெனரேட்டர் ஓடியது. மெயினை நிறுத்தாமல் அதை ஓட்டினால் மின்சாரம் லைனில் திரும்பி ஏறும். மேலே இருக்கிறவர் உயிர் போகும். தெருத்தெருவாகப் போய் அதை எடுத்துச் சொல்லி, மெயினை இறக்கச் சொன்னதும் நீங்கள்தான். உள்ளூர் ஆள் வழிகாட்ட, வெளியூர் ஆள் கைகொடுக்க, அப்படித்தான் எங்களுக்கு வெளிச்சம் வந்தது. அந்த உள்ளூர் ஒயர்மேன்களுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு.

கேரளத்துச் சேட்டன்மாருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில்தான் வெள்ளம் உங்கள் மாநிலத்தையே புரட்டிப் போட்டது. அந்தக் களைப்பு தீருமுன் எங்களுக்காக மலை தாண்டி வந்தீர்கள். மலையாளமும் தமிழும் கலந்து பேசி, எங்கள் வீட்டுக் கஞ்சியைக் குடித்து, கேட்டதற்கும் மேல் வேலை பார்த்தீர்கள். நீங்கள் கிளம்பிய நாளில் எங்கள் பெண்கள் அழுதார்கள்.

2011 டிசம்பரில் தானே புயல் கடலூரை அடித்தபோதும், 2016 டிசம்பரில் வர்தா சென்னையை அடித்தபோதும் மற்ற மாவட்டத்து மின் ஊழியர்கள்தான் போய் நிமிர்த்தினார்கள். அடுத்த புயல் எந்த ஊருக்கு என்று யாருக்குத் தெரியும்? பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். யார் எவ்வளவு செய்தார் என்று நோட்டில் எழுதி வைப்போம். அவர் விருந்து வைக்கும்போது அதைத் திருப்பிச் செய்து, மேலே கொஞ்சம் புது மொய்யும் போடுவோம். மாவட்டத்துக்கு மாவட்டம், மாநிலத்துக்கு மாநிலம் செய்யும் இந்த உதவியும் அப்படி எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. புயல் அடித்த பிறகு எழுதக் கூடாது. வெயில் காயும்போதே எழுதி வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1992-இல் ஆண்ட்ரூ சூறாவளி அடித்த பிறகு தென் மாநிலங்கள் இப்படி ஓர் உடன்படிக்கையைத் தொடங்கின. 1996-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தந்தது. இன்று 50 மாநிலங்களும் அதில் இருக்கின்றன. உதவி பெற்ற மாநிலம் செலவைக் கொடுக்க வேண்டும். வேலையில் அடிபட்டால், அனுப்பிய மாநிலமே தன் ஆளுக்கு ஈடு கொடுக்கும். ஓரிடத்துத் தொழில் உரிமம் மற்ற இடத்திலும் செல்லும்.

உங்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஈரத் தரையில் பாயில் படுத்து, மறுநாள் கம்பம் ஏறினீர்கள். உங்களுக்கு அடிபட்டால் யார் பொறுப்பு, படுக்க எங்கே இடம், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு என்பதெல்லாம் வண்டி ஏறும் முன்பே தெரிந்திருக்க வேண்டாமா? 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் ஓர் ஆணையம் இருக்கிறது. அந்த ஆணையங்கள் தங்களுக்குள் இதைப் பேசி முடித்தால் போதும். உங்களுக்கு நாங்கள் செய்யக்கூடிய பெரிய நன்றி அதுதான் என்று நினைக்கிறேன். கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு இடம் கொடுத்த பள்ளிக்கூடங்களுக்கும், இருந்த அரிசியைப் பொதுவில் கொட்டிச் சமைத்துப் போட்ட எங்கள் ஊர்ப் பெண்களுக்கும் நன்றி.

புயலுக்குப் பிறகு வைத்த தென்னங்கன்றுகள் காய்க்கத் தொடங்கிவிட்டன. இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வந்து இளநீர் குடித்துவிட்டுப் போங்கள். ஆவணியில் வந்தால் கறிச்சோறும் உண்டு. மொய் எழுத நினைக்க வேண்டாம். உங்களுக்கு எழுத வேண்டியவர்கள் நாங்கள்.