குடியை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் குடிப்பழக்கம் பற்றிய தங்கள் ஞாயிறு கட்டுரையில், 'மனஉறுதி இருந்தால் இன்றே விட்டுவிடலாம்' என்ற வரியைப் படித்து மனம் கொதித்துப் போனோம். வருடக்கணக்காகத் தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் உயிரே போகலாம் என்பது தாங்கள் அறியாததல்ல. அச்சேற்றுமுன் ஒரு வைத்தியரிடம் காட்டியிருக்கலாமே!

நிறுத்திய ஆறேழு மணித்தியாலத்தில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி, சுவரில் இல்லாத பூச்சி ஊர்வது தெரியும். பேய் பிடித்துவிட்டதென்று பூசாரியைத் தேடுவார்கள். சாராயக்கடை பூட்டிக் கிடக்கும் போயா (முழுநிலவு) நாட்களிலும் இது நேரும். வலிப்பு வந்தவர் கையில் இரும்புத் திறப்பை (சாவியை) திணிக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதுவும் ஊற்றாமல், 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

குடிப்பவருக்குத் தெரியாமல் தேநீரில் டைசல்பிராம் எனும் குடியை வெறுக்க வைக்கும் மாத்திரை கலந்து கொடுப்பதும் நடக்கிறது. அதன்மேல் அவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் இறங்கி மயங்குவார். மாத்திரையை நிறுத்தி 14 நாட்கள் வரைகூட இந்த ஆபத்து உண்டு. இதையும் தாங்கள் ஒருநாளும் எழுதியதில்லை.

சர்வதேச போதைப்பொருள் ஒழிப்பு தினமான ஜூன் 26 வந்தால் பதாகை பிடித்த ஊர்வலப் படம் மட்டும் தவறாமல் வருகிறது. தோட்டத்து மனிதர் என்றாலே வடிகானில் விழுந்து கிடப்பவரின் படம். குடிப்பவருக்கு உதவ வீடு தேடி வருகிறோம் என்பவர்கள் காலை பத்து மணிக்கு வந்தால் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) யார் இருப்பார்? எல்லாரும் மலையில். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் சொல்லிப் புத்தி சொன்னால் குடிப்பவர் மறுபடி முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்து அவர்கள் வீடு திரும்பிய பிறகு போக வேண்டும். லயத்தின் ஒரு காம்பராவில் (அறையில்) பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். பிள்ளைமடுவத்து (குழந்தைகள் காப்பகத்து) வாசல் போல ஒதுக்கமான இடத்துக்கு அழைத்துப் பேச வேண்டும். முதல் சந்திப்பில் குடியைப் பற்றி வாய் திறக்காமல் தூக்கம், சாப்பாடு, கடைக்கடன் பற்றிக் கேட்டாலே போதும். மனைவியிடம் தனியாகப் பேச வேண்டும். அடி வாங்குகிறாரா என்பது கணவர் முன்னால் வெளிவராது. பிறகு குடிப்பவரிடம், 'காலையில் எழுந்ததும் கை நடுக்கம் நிற்கக் குடிக்கிறீர்களா?' என்று கேட்க வேண்டும். ஆம் என்றால் வீட்டில் வைத்து நிறுத்த முயலாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அவர் திரும்பி வந்தபின் முதல் சம்பள நாளன்று மாலை யாராவது கூடவே இருப்பது அவசியம். பலர் மறுபடி சறுக்குவது அன்றுதான். சறுக்கினாலும் அடுத்த வாரம் அவர் வாசலுக்குப் போகத்தான் வேண்டும். கட்டுரையாளர் சொல்லும் மனஉறுதி அவரிடம் இல்லையென்று யார் கண்டது?

அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அந்த வரிக்குத் திருத்தம் போடுங்கள். அதன்கீழ் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற தொலைபேசி இலக்கத்தையும் அச்சிடுங்கள்.

இங்ஙனம்,
தோட்டக் குடும்பங்களோடு பணிசெய்யும் தொண்டர்கள்,
மஸ்கெலியா.