வளையல் ஏறவில்லை என்றாயே

பாப்பாவுக்கு,

நேற்று வீடியோவில் வளைகாப்பு வளையலை எடுத்துக் காட்டி, "போன மாசம் ஏறுச்சு, இப்ப ஏறலம்மா" என்று சிரித்தாய். நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை.

நீ 34 வாரத்திலேயே பிறந்ததற்கு, அவசரக்காரி என்று உன்னைத்தான் இத்தனை வருஷமும் கேலி செய்தேன். உண்மையில் அது என் பிரஷர் செய்த வேலை. 1997இல் சிங்கப்பூரில், ஈசூன் வீட்டில், சோப்புப் போட்டும் மோதிரம் கழலவில்லை. "நீர் கோத்திருக்கு" என்று பாட்டி பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். தலைவலிக்கு இரண்டு நாளாகப் பனடால் போட்டுக்கொண்டிருந்தேன். துணி காயப்போட மூங்கில் கழியைச் சன்னலுக்கு வெளியே நீட்டுகிறேன், அதைச் செருகும் துளையில் போய் உட்கார மாட்டேன் என்கிறது. கண் முன்னால் மின்மினியாகப் பறக்கிறது.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் பிரஷர் 170/112, சிறுநீரில் புரதம். ப்ரீஎக்லாம்ப்சியா என்றார்கள், கர்ப்பத்தில் பிரஷர் ஏறுகிற நோய். வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் ஏற்றினார்கள். உடம்பெல்லாம் தீயாய்க் கொதித்தது. பிரஷரை மருந்தால் இறக்கலாம், நோய் தீர நஞ்சுக்கொடி வெளியே வந்தாக வேண்டும் என்றார் டாக்டர். அன்று ராத்திரியே உன்னை எடுத்துவிட்டார்கள்.

இந்த நோய் அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். 12 வாரத்திலேயே உன் டாக்டருக்குத் தெரிந்திருந்தால், தினம் சின்ன அளவு ஆஸ்பிரின் கொடுப்பதா என்று யோசித்திருப்பார். பயமுறுத்த வேண்டாம் என்று நான்தான் வாயைத் திறக்கவில்லை. தப்பு என்னுடையது. இப்போது 31 வாரம், அதைத் தொடங்கும் காலம் தாண்டிவிட்டது. இன்றைக்கே போய் என் கதையைச் சொல்லி, பிரஷரும் சிறுநீரும் பார்க்கச் சொல்.

மாப்பிள்ளையிடம் சொல்லி பிரஷர் மெஷின் ஒன்று வாங்கு. ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் பார். 140/90ஐத் தொட்டால் அன்றே டாக்டருக்குச் சொல். 160/110 என்றால் உடனே கிளம்பு. விடாத தலைவலி, கண்ணில் பூச்சி, வலது விலாவுக்குக் கீழே வலி, திடீரென்று முகவீக்கம், இதில் எது வந்தாலும் மெஷின் என்ன சொன்னாலும் போய்விடு. விலா வலியைக் கேஸ் என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்காதே. பிள்ளை பிறந்த பிறகும் சில வாரம் கவனம் வேண்டும். எனக்கு நாலாம் நாள்தான் மறுபடி ஏறியது.

ராத்திரி இரண்டு மணி என்றாலும் முதலில் ஆஸ்பத்திரிக்குப் பேசு, அப்புறம் எனக்கு. நீ இருக்கும் பெர்த்திலும் இங்கும் ஒரே மணிதானே.

அம்மா