நெல்லை எலக்ட்ரிக் கடை அண்ணாச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

அண்ணாச்சிமாரே, வணக்கம்.

ஜங்ஷனிலும் பாளையங்கோட்டையிலும் நீங்கள் விற்கும் எல்இடி பல்பு, சிசிடிவி அடாப்டர், சீரியல் செட்டு பற்றித்தான் இந்தக் கடிதம். நாங்கள் லைசென்ஸ் எடுத்து ஹாம் ரேடியோ பேசுகிறவர்கள், அதாவது செல்போன் டவரை நம்பாமல் சொந்த ரேடியோவிலேயே ஊர் விட்டு ஊர் பேசுகிறவர்கள். ஊரே விளக்குப் போட்ட பிறகு, நாங்கள் பேசும் ஷார்ட்வேவ் இடமான 7 மெகாஹெர்ட்ஸில் காது கொடுத்தால் ஆள் குரல் கேட்பதில்லை, கொர்ரென்று இரைச்சல்தான்.

எல்லாம் இந்தச் சாமான்களுக்கு உள்ளே இருக்கும் எஸ்எம்பிஎஸ் (கரண்டை வெட்டி வெட்டி வோல்ட்டைக் குறைக்கும் சர்க்யூட்) செய்கிற வேலை. பழைய அடாப்டரில் கனத்த டிரான்ஸ்பார்மர் இருந்தது, சத்தம் போடாது. இப்போது வருவது 230 வோல்ட்டை டிசியாக்கி நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அப்படி வெட்டும்போது அந்த வெட்டு வேகத்தின் மடங்குகளெல்லாம் இரைச்சலாக ஷார்ட்வேவ் முழுக்கத் தெறிக்கும், வீட்டு வயரிங்கே அதற்கு ஆன்டெனா. எஸ்எம்பிஎஸ் கெட்டதென்று சொல்லவில்லை, எங்கள் ரேடியோவே அதில்தான் ஓடுகிறது. ஆனால் நல்லதில் அந்த இரைச்சல் வயரிங்குக்குள் போகாமல் தடுக்க, கரண்ட் நுழையும் இடத்தில் ஃபெரைட் வளையத்தில் சுற்றிய காயிலும் ஒன்றிரண்டு கப்பாசிட்டரும் இருக்கும். எங்கள் தெருவில் ஒரு சிசிடிவி அடாப்டரை (பேட்டரி ரேடியோவோடு வீடு வீடாக நடந்து கண்டுபிடித்தது) வீட்டுக்காரர் சம்மதத்தோடு பிரித்துப் பார்த்தால், காயிலுக்கென்று போர்டில் அச்சடித்த இடத்தில் இரண்டு கம்பித் துண்டை வைத்துப் பற்றவைத்திருக்கிறான். டிசைன் போட்டவனுக்குத் தெரிந்திருக்கிறது, காசைப் பார்த்தவன் கழற்றிவிட்டான்.

டப்பாவில் பிஐஎஸ் முத்திரை இருக்கிறதே என்பீர்கள். அந்தக் கட்டாயப் பதிவு ஷாக் அடிக்காமல், தீப்பிடிக்காமல் இருப்பதற்கு. இரைச்சலுக்கு சிஸ்பர் 15 என்று விளக்குகளுக்குத் தனி அளவுகோல் உண்டு, மலிவுச் சரக்கில் அதைத் தேடினாலும் கிடைக்காது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் செல்போன் செத்துக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த மாதிரி நேரத்துக்குத்தான் ஹாம். கரண்ட் போனால் இரைச்சலும் போய்விடுமே என்று கேட்கலாம், சரிதான், ஆனால் நம் குரலைக் கேட்க வேண்டிய மறுமுனை ஊரில் கரண்டும் இருக்கும், இதே பல்பும் எரியும்.

உங்களிடம் கேட்பது பெரிய காரியமில்லை. புது லாட் எடுக்குமுன் சாம்பிளில் ஒன்றைத் திறந்து காயில் இருக்கிறதா பாருங்கள். கல்லாப் பக்கம் ஒரு பழைய ஏஎம் ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் திருப்பி வைத்து, இரண்டு கம்பெனிச் சரக்கை மாற்றி மாற்றிப் போட்டால் எது அதிகம் கத்துகிறதென்று உங்களுக்கே தெரிந்துவிடும். அப்புறம், ரேடியோ இரையுது என்று யாராவது திருப்பிக் கொண்டுவந்தால் சிரிக்காமல் மாற்றிக் கொடுங்கள். பத்து இருபது ரூபாய் கூட ஆனாலும் நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை ஹாம் ஒருவன்