தள்ளாடுகிறவர் எல்லாரும் குடிகாரரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பக்கவாதம் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். முகம் கோணுகிறதா, கையைத் தூக்க முடிகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்க்கச் சொன்னது சரிதான். ஆனால் சிறுமூளையில் வரும் பக்கவாதத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. என் அண்ணனுக்கு வந்தது அதுதான்.

ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் பசியாறிவிட்டுக் கடையை விட்டு இறங்கியவர், நடைபாதைத் தூணைப் பிடித்துக்கொண்டார். இரண்டு எட்டு வைப்பதற்குள் இடப்பக்கம் சாய்ந்து வாந்தி எடுத்தார். முகம் கோணவில்லை, பேச்சும் தெளிவாகவே இருந்தது. "காலையிலேயே போட்டுட்டாரு போல" என்று பார்த்தவர்கள் விலகிப் போனார்கள். மதுவைத் தொட்டே அறியாதவர் என் அண்ணன். பிறகு போன கிளினிக்கிலும் வாயுக் கோளாறு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் எம்ஆர்ஐ எடுத்த பிறகே சிறுமூளையின் இடப்பக்கம் இரத்த ஓட்டம் அடைபட்டது தெரிந்தது.

பெருமூளையின் இடப்பாதி வலக்கையை ஆள்கிறது. சிறுமூளை அப்படியில்லை, இடப்பாதி இடக்கைக்கே பொறுப்பு. டாக்டர் தன் விரலைத் தொடச் சொன்னபோது அண்ணனின் இடக்கை நடுங்கிக் குறி தவறியது. கையில் வலு குறையவில்லை. வலுவைத் தருவது சிறுமூளையின் வேலை அல்லவே! நாம் செய்ய நினைத்த அசைவையும் உடல் உண்மையில் செய்வதையும் நொடிக்கு நொடி ஒப்பிட்டுத் திருத்துவதுதான் அதன் வேலை. பிடரிக்குச் சற்று மேலே, மூளை எடையில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி அங்கேதான் இருக்கின்றன. 1837இல் செக் அறிஞர் புர்க்கின்யே கண்ட அணுக்கள் அங்குள்ளவை. அவற்றில் ஒன்றுக்கே லட்சத்துக்கு மேல் இணைப்புகள் வருகின்றன. தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளில் அண்ணன் ஆண்டுதோறும் பால்குடத்தைச் சிந்தாமல் கொண்டு போனது இவற்றின் தயவால்தான் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

மது தாக்குவதும் இதே இடத்தைத்தான். அதனால்தான் இரண்டு தள்ளாட்டமும் ஒன்றுபோலத் தெரிகின்றன. பல ஆண்டுகள் சம்சு என்னும் மலிவு மதுவில் ஊறியவர்களுக்குச் சிறுமூளையின் நடுப்பகுதியே தேய்ந்துபோகலாம். அவர்களும் நோயாளிகள்தான், ஒதுக்கிவிட்டுப் போகத்தக்கவர்கள் அல்லர்.

சிறுமூளை இருப்பது குறுகிய இடம். பக்கவாதத்துக்குப் பின் அது வீங்கினால், முன்னால் இருக்கும் மூளைத்தண்டை, மூச்சை நடத்தும் பகுதியை, நெருக்கிவிடும். அடைத்த இரத்தக் கட்டியை மருந்தால் கரைக்கவும் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். எங்களுக்கு ஓர் இரவே வீணாய்ப் போனது. அண்ணன் பிழைத்துக்கொண்டார். இன்று கைப்பிடி இல்லாமல் மாடிப்படி இறங்க மாட்டார்.

அடுத்த முறை அந்தப் பட்டியலை வெளியிடும்போது, திடீர்த் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, தலைசுற்றலோடு வாந்தி ஆகியவற்றையும் சேர்த்து, உடனே 999ஐ அழைக்கும்படி பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜோர்ஜ்டவுன், பினாங்கு