பிளாஸ்டர் சுற்றிய பேனா

செம்பூர், மும்பை
ஞாயிறு இரவு

அன்புத் தோழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் மகள் கல்யாணத்துக்கு நான் வரவில்லை என்று ஒன்பது மாதமாய்ப் பேசாமல் இருக்கிறாய். அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்ளலாம். இப்போது எழுதுவது வேறு விஷயம். இரண்டு தடவை உன் நம்பரை எடுத்து, மணி அடிக்கும் முன்னே வைத்துவிட்டேன். பேச ஆரம்பித்தால் அழுகைதான் வருகிறது.

நாம் 'அடுத்து' என்று பட்டப்பெயர் வைத்த நம்ம டாக்டர் போய்விட்டார், ஏட்டி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, ராத்திரிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லி முலுண்ட் வீட்டிலிருந்து கிளம்பியிருக்கிறார். வரவில்லை. போனும் அணைந்துவிட்டது. திங்கள் காலை ஓ.பி.டி.யில் அவர் நாற்காலி காலி. சொல்லாமல் ஒரு நாள் லீவு போட்ட மனுஷனா அவர்? 2005 ஜூலை 26, சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதே, அன்றைக்கும் தண்டவாளத்து வழியாக இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து கேஷுவால்ட்டியில் நின்றவர். உன் மாற்றுச் சேலையைக் கிழித்துத்தானே அன்றைக்குக் கட்டுப் போட்டோம்.

வீட்டில் போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். ஒன்பது நாள் ஒரு தகவலும் இல்லை. அந்த ஒன்பது நாளைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வேண்டும்.

முதல் நாள் எல்லோருக்கும் பதற்றம். இரண்டாம் நாள் கதை கிளம்பிவிட்டது. வளைகுடாவில் வேலை கிடைத்திருக்கும், சொல்லாமல் போய்விட்டார் என்றது எக்ஸ்ரே. ஷேரில் பணம் விட்டிருக்கிறார் என்றது அக்கவுண்ட்ஸ். மேலிடத்தோடு சண்டை, யாரோ மிரட்டியிருக்கிறார்கள் என்று ஒரு சீனியர் டாக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். கேன்டீனில் கட்டிங் சாய் ஆறுவதற்குள் ஒரு சின்ன வீடும், அதில் ஒரு பிள்ளையும் தயாராகிவிட்டது. படித்தவர்கள்தான் எல்லோரும். நோயாளி வந்தால் ரிப்போர்ட் இல்லாமல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள்.

நானும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முந்தின மாதம் அவர் பார்மசியில் தூக்க மாத்திரை வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மூன்றாம் நாள், வார்டு மாவ்ஷிகள், அதான் ஆயாக்கள், சூழ்ந்து உட்கார்ந்திருந்தபோது, 'பாவம், அவருக்குத் தூக்கமே இல்லை போல, மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார்' என்று சொன்னேன். இரக்கத்தில்தான் சொன்னேன், சத்தியமாக. சாயங்காலம் அது 'டிப்ரஷன்' ஆனது. மறுநாள் காலை 'தற்கொலை' ஆனது. அதற்கு அடுத்த நாள் விசாரிக்க வந்த போலீஸ்காரர் அவர் மனைவியிடம் போய், 'உங்கள் புருஷன் தூக்க மாத்திரை சாப்பிடுவாராமே, வீட்டில் என்ன பிரச்சினை?' என்று கேட்டிருக்கிறார்.

அந்த மாத்திரை அந்த அம்மாவுக்கு. முதுகில் ஆபரேஷன் ஆகி நான்கு மாதமாய்த் தூங்க முடியாமல் கிடக்கிறார்கள்.

பத்தாம் நாள் தகவல் வந்தது. பயந்தருக்கும் மீரா ரோட்டுக்கும் நடுவே, தண்டவாளத்து ஓரம் கிடந்திருக்கிறார். அந்த ஞாயிறு ராத்திரியே. கூட்டத்தில் வாசலில் தொங்கி வந்து விழுந்திருக்க வேண்டும் என்கிறார்கள். 2025 ஜூன் 9-ஆம் தேதி மும்ப்ரா வளைவில் விழுந்தார்களே, அந்த மாதிரிதான். இந்த ஊர் ரயில் பாதையில் வருஷத்துக்கு 2000 பேருக்கு மேல் சாகிறார்கள், பத்திரிகையில் நாலு வரிகூட வராது. பை, போன், பர்ஸ் ஒன்றும் அருகில் இல்லை. யார் எடுத்தார்களோ. ரயில்வே போலீஸ் எடுத்துப் போய் அந்தப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி பிணவறையில் வைத்து, ஏ.டி.ஆர். என்ற விபத்துச் சாவு அறிக்கை போட்டு, 'அனோளகி புருஷ் (அடையாளம் தெரியாத ஆண்), வயது சுமார் 55' என்று எழுதியிருக்கிறார்கள். காணவில்லை என்ற புகார் நகரப் போலீஸில், உடல் ரயில்வே போலீஸில். மத்திய ரயில் வழியிலேயே போய்வருகிறவரை மேற்கு வழியில் யார் தேடுவார்கள்? இரண்டு காகிதமும் ஒன்றையொன்று பார்க்க ஒன்பது நாள் ஆனது. எத்தனை அனோளகிகளுக்கு நாமே காலில் சீட்டுக் கட்டியிருக்கிறோம், ஏட்டி.

அந்த அம்மாவால் எழுந்து வர முடியாது. டாக்டருடைய தம்பியோடு நான்தான் போனேன். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. அதை எழுத மாட்டேன். ஹவில்தார் ஒரு பிளாஸ்டிக் கவரை மேசையில் கவிழ்த்தார். உடைந்த வாட்ச், கசங்கிய கைக்குட்டை, ஒரு ரயில் டிக்கெட், ஒரு நீலப் பேனா. பேனாவின் நடுவில் வெள்ளை பிளாஸ்டர் மூன்று சுற்று. யாரும் தூக்கிப் போகக் கூடாது என்று அவர் சுற்றச் சொல்ல, ட்ரெஸ்ஸிங் டிராலியிலிருந்து நான்தான் சுற்றிக் கொடுத்தேன். பிளாஸ்டரின் ஓரத்தைக் கத்தரிக்காமல் பல்லால் கிழிப்பேன் என்று நீ திட்டுவாயே, அந்தக் கிழிசல் அப்படியே இருந்தது. அவர்தான் என்று நான் சொன்னேன்.

டிக்கெட்டைத் தம்பி திருப்பிப் பார்த்தார். தாதர் – பயந்தர், ரிட்டர்ன். ஓடிப்போகிறவரும் சாகப்போகிறவரும் ரிட்டர்ன் எடுப்பார்களா? வீட்டுக்கு வந்துகொண்டிருந்த மனுஷன்.

இதைக் கேன்டீனில் சொன்னேன். இரண்டு நிமிஷம் தலை குனிந்தார்கள். அப்புறம் ஒருத்தர் கேட்கிறார்: 'சரி சிஸ்டர், ஆனால் பயந்தருக்கு எதற்குப் போனார்?' எனக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்கும் தெரியாது. யாரையாவது பார்க்கப் போயிருப்பார், மீன் வாங்கப் போயிருப்பார், சும்மா காற்று வாங்கப் போயிருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஒரு மனுஷன் பயந்தருக்குப் போனதற்கு நமக்குக் கணக்குக் கொடுக்க வேண்டுமா?

முன்பு ஒரு நைட் டியூட்டியில் நம்ம டாக்டர் நமக்குச் சொன்ன சுபாஷ் முகோபாத்யாய் கதை ஞாபகம் வந்தது. கல்கத்தா டாக்டர். 1978 அக்டோபர் 3-ஆம் தேதி, உலகத்தின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்து 70 நாளில், இந்தியாவின் முதல் குழந்தையை உருவாக்கினார். கூட வேலை பார்த்தவர்களே பொய் என்றார்கள். அரசாங்கம் கமிட்டி போட்டு அவர் சொன்னதை நம்ப முடியாது என்றது, சம்பந்தமே இல்லாத கண் மருத்துவத் துறைக்கு மாற்றியது. 1981 ஜூனில் உயிரை மாய்த்துக்கொண்டார். முதல் குழந்தை என்ற பெயர் 1986-இல் நம்ம பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் பிறந்த ஹர்ஷாவுக்குப் போனது. ஹர்ஷாவை உருவாக்கிய வேலையில் இருந்த விஞ்ஞானி ஆனந்த குமார்தான் 1997-இல் முகோபாத்யாயின் கையெழுத்துக் குறிப்புகளை உட்கார்ந்து படித்து, முதலில் செய்தது நான் இல்லை, அவர்தான் என்று எழுதினார். நம்ம டாக்டர் இதைச் சொல்லிவிட்டுச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும்: 'முதல்ல காகிதத்தைப் படிக்கணும், அப்புறம்தான் வாயைத் திறக்கணும்.' நீ அதற்கு, 'அப்போ ஹெட் சிஸ்டர் ஊமையாகிவிடுவாங்க' என்றாய். அவர் சிரித்து நாம் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

போன வியாழன் முலுண்டுக்குப் போனேன். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, மாத்திரை விஷயத்தை வெளியே சொன்னது நான்தான் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, 'நீ சொன்னதால் அவர்கள் அவரைத் தேடுவதை நிறுத்தினார்களா?' என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றுவரைக்கும் இல்லை. தற்கொலை என்று முடிவுகட்டிய பிறகு நம் ஆட்களில் யாராவது ஒரு பிணவறைக்காவது போன் போட்டார்களா? நான் போட்டேனா? நமக்குத் தெரியாத பிணவறையா இந்த ஊரில்!

நீ அவர்களுக்கு ஒரு கடிதம் எழுது. உன்னை இன்னும் விசாரிக்கிறார்கள். 'நாகர்கோயில்காரி எப்படி இருக்கிறாள்' என்று அன்றைக்கும் கேட்டார்கள். ஆறுதல் வார்த்தை ஒன்றும் வேண்டாம். அந்த வெள்ளத்து நாளைப் பற்றி எழுது, அவர் ஈரக் காலோடு நின்று தையல் போட்டதை எழுது. அவர் வீட்டில் ஆஸ்பத்திரிக் கதை எதுவுமே சொன்னதில்லையாம்.

உன் மாப்பிள்ளைக்குச் சூரத்தில் வேலை மாற்றம் என்று கேள்விப்பட்டேன். இந்த வழியாகப் போனால் என் வீட்டில் தங்காமல் போகக் கூடாது, சொல்லிவிட்டேன்.

வருகிற புதன் மறுபடியும் தம்பியோடு ரயில்வே போலீஸுக்குப் போகிறேன். கையெழுத்துப் போட்டால் பேனாவைக் கொடுத்துவிடுவார்களாம்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்