இரண்டு-ஐந்து மேசைக்கு ஏறும் நண்பனுக்கு

சான் ஹோசே,
ஞாயிறு இரவு

அன்புள்ள கணேசனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை. ஆள் மாற்றி ஆள் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்ததில் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இப்போது நலமாக இருக்கிறார். கண் தெரியவில்லை என்ற குறை போய், வீடெல்லாம் தூசி என்ற குறை வந்திருக்கிறது.

லாஸ் வேகாஸுக்குக் குடிபோன இரண்டே மாதத்தில் ஒன்று-மூன்று போக்கர் மேசையில் (ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டைப் பார்க்குமுன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம் ஒரு டாலரும் மூன்று டாலரும்) 2,400 டாலர் ஜெயித்துவிட்டாய். சந்தோஷம். "நூறு மணி நேரம் ஆடியாயிற்று, இனி பெரிய மேசை, இரண்டு-ஐந்துதான்" என்கிறாய். அந்த நூறு மணி நேரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். மணிக்கு ஏறக்குறைய முப்பது ஆட்டத்துக்குத்தான் சீட்டுப் போடுவார்கள். ஆக மொத்தம் 3,000 ஆட்டம். இரண்டு-ஐந்து மேசையில் அத்தனை ஆட்டத்துக்கு, சீட்டு வரும் விதத்தாலேயே 2,000 டாலருக்கு மேல்கூட ஏறவோ இறங்கவோ செய்யலாம். சராசரியாக மணிக்குப் பத்து டாலர் சம்பாதிக்கக்கூடியவன்கூட, நூறு மணி நேர முடிவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை நட்டத்தோடுதான் எழுந்திருப்பான். சின்ன மேசையில் தொகை குறைவு, ஆனால் கதை இதேதான். உன் 2,400இல் திறமை எவ்வளவு, சீட்டின் தயவு எவ்வளவு என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆட்டத்துக்கென்று ஒதுக்கிய கைமுதல் எவ்வளவு என்று நீ எழுதவே இல்லையே? அந்த மேசையில் உட்கார வழக்கமாக 500 டாலர் கொண்டுபோவார்கள். அப்படி இருபது முப்பது தடவை உட்காரும் அளவுக்குத் தனியாகப் பணம் இருக்க வேண்டும் என்பார்கள். மகனின் கல்லூரிக் கட்டணத்தை அதில் சேர்த்து எண்ணாதே.

என் கதையை உன்னிடம் சொன்னதில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு 6,000 டாலரோடு நானும் ஏறினேன். 4,000க்கு வந்தால் இறங்கிவிடுவது என்று ஒரு சின்ன நோட்டில் எழுதிக் காரில் வைத்திருந்தேன். முதல் வாரம் 900 வந்தது. அடுத்த வாரம் என் ராஜா ஜோடிக்கு எதிராக ஒரு பெரியவர், தயங்கித் தயங்கி, ஏதோ தன்மேல்தான் தப்பு என்பதுபோல, அதை வெல்லும் ஏஸ் ஜோடியைத் திருப்பி வைத்தார். மூன்றே வாரத்தில் 3,900. அன்று மாலை பெயர் எழுதும் பெண் "எந்த மேசை?" என்று கேட்டாள். ஒன்று-மூன்றில் இடம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே என் பழைய கூட்டம் உட்கார்ந்திருந்தது. "என்ன, திரும்பி வந்துவிட்டாயா?" என்று கேட்பார்களே! "இரண்டு-ஐந்து" என்று சொல்லிவிட்டேன். அது பேராசைகூட இல்லை, வெறும் வெட்கம். இரவு வீடு திரும்பும்போது 3,100. நோட்டு காரிலேயே பத்திரமாக இருந்தது.

2000இல் போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியை வென்ற கிறிஸ் பெர்குசனை உனக்குத் தெரியும். கையிலிருந்து ஒரு காசும் போடாமல், இலவசப் போட்டிகளில் தொடங்கி, இணையத்தில் 10,000 டாலர் சேர்த்துக் காட்டினார். கைமுதலில் 5 சதவீதத்துக்கு மேல் ஒரு மேசைக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது அவர் விதி. எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது இன்னொன்று: மேசையில் உன் முன்னால் இருப்பது கைமுதலில் 10 சதவீதத்தைத் தாண்டினால் எழுந்துவிட வேண்டும். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எழுந்து பார், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். (அவர் இயக்குநராக இருந்த இணையதளமே 2011இல் ஆட்டக்காரர்களின் பணத்தைத் திருப்பித் தர முடியாமல் முடங்கியது. அந்தக் கூத்தை நேரில் பேசுவோம்.)

போகாதே என்று நான் சொல்லவில்லை. சின்ன மேசையில் கிளப் பிடித்துக்கொள்ளும் கட்டணமே ஜெயிப்பதில் பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது என்ற உன் புலம்பல் நியாயம்தான். ஜெயித்ததில் 1,000 மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை போய்ப் பார். அந்தப் பணம் போய்விட்டால் அந்த மாதம் முழுக்க ஒன்று-மூன்றுதான். எந்தத் தொகையில் இறங்குவாய் என்பதை நோட்டில் எழுதாதே, எனக்கு எழுது. நான் விடாமல் கேட்பேன்.

தீபாவளிக்குக் குடும்பத்தோடு வா. தீக்குச்சி வைத்து ரம்மி ஆடலாம். ஆனால் மாமியாருக்கு இப்போது சீட்டு நன்றாகத் தெரிகிறது, பழையபடி ஏமாற்ற முடியாது.

அன்புடன்,
சேகர்